மெத்தென்று வெட்டுப்பட்ட கட்டி

சீவும் இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றும்போது அவள் மூச்சு விடுவதில்லை. மெழுகில் புதைத்த சதைத் துண்டு மேலும் கீழுமாகப் போய்க் கத்தியில் உரசும். ஒவ்வோர் உரசலுக்கும் வெங்காயத் தோலைவிட மெல்லிய ஓர் ஏடு கழன்று, முன்னதன் வாலைப் பின்னது பிடித்துக்கொண்டு நாடாவாக நீளும். அந்த நாடாவைத் தூரிகை முனையில் ஏந்தி, வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, கண்ணாடிச் சில்லால் அடியிலிருந்து தூக்கி எடுத்த பிறகுதான் மூக்கு விடைக்க ஒரு பெருமூச்சு வரும். "காத்து பட்டா சுருண்டுக்கும். யாரோ ஒருத்தரோட உசிரு அதுல மிதக்குது. அடுப்பு ஊதற மாதிரி ஊதிட்டு இருக்க முடியுமா?" என்பாள்.

வேலை முடிந்தாலும் பழக்கம் விடுவதில்லை. லிஃப்டில் ஏறினால் இறங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஊசியில் நூல் கோக்கும்போது, பால் பொங்கும்போது, பக்கத்து வீட்டுச் சண்டைக்குக் காது கொடுக்கும்போது, எல்லாவற்றுக்கும் அதே கதைதான். புதிதாகப் பார்ப்பவர்கள் ஆஸ்துமா என்று நினைத்து நகர்ந்து உட்கார இடம் தருவார்கள். அவளும் மறுக்காமல் உட்கார்ந்துகொள்வாள்.

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் கத்தி அக்கா. அடித்தளத்தில், சலவைக்கூடத்துக்கு அடுத்த அறை அவளுடையது. மேலே ஆபரேஷன் செய்து எடுக்கும் கட்டி, குடல், கருப்பை, மச்சம் எதுவானாலும் இங்கேதான் இறங்கி வரும். மெழுகில் புதைத்து, பனிக்கட்டித் தட்டில் இறுக வைத்து, அவள் அதை ஏடெடுத்துத் தருவாள். பக்கத்து மேசையில் இருப்பவள் அந்த ஏடுகளுக்குச் சாயம் ஏற்றுவாள். விரல் நகமெல்லாம் ஊதா நிறம். அவளைச் சாயக்காரி என்பார்கள். இருவர் வேலையும் முடிந்தபின் கண்ணாடிச் சில்லுகள் மாடிக்குப் போகும். அங்கே பெரிய மேடம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, நல்லதா கெட்டதா என்று சொல்வார். சொல்ல வேண்டியவர் அவர் ஒருவர்தான்.

நாள் முழுவதும் பனிக்கட்டியில் கிடப்பதால் கத்தி அக்காவின் விரல்கள் எப்போதும் சில்லிட்டிருக்கும். கல்யாணம் ஆகிச் சில வருஷத்திலேயே பிரிந்துவிட்டாள். ஏன் என்று யாராவது துருவினால், "மெழுகும் தண்ணியும். எவ்வளவு கலக்கினாலும் ஒட்டலை" என்று பேச்சை முடித்துவிடுவாள். அப்பா அவளோடு இருக்கிறார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். மகள் வீட்டிலும் கைவரிசையைக் காட்டுவாள் என்பது அவருடைய தீராத மனக்குறை. தட்டில் இருக்கும் வெள்ளரிக்காயைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்து, "இதை வச்சுப் பேப்பர் படிக்கலாம்மா. பசிக்குத்தான் ஒண்ணும் பண்ண முடியலை" என்பார்.

இத்தனை வருஷத்தில் அவள் கத்திக்குக் காது முளைத்துவிட்டது. தைராய்டு பாகு மாதிரி வழுக்கும். கருப்பைக் கட்டி ரப்பர் மாதிரி திமிறும். கொழுப்பு பிய்ந்து ஓட்டை ஓட்டையாக வரும். "மார்ல வர்ற கேன்சர் இருக்கே, அது பச்சைப் பேரிக்காயை அரியற மாதிரி. கரகரன்னு. எனக்குப் பல்லு கூசும்" என்று முகத்தைச் சுளிப்பாள். பொய்யில்லை. பெரும்பாலான மார்புப் புற்றுகள் அப்படித்தான் வெட்டுப்படும்.

இந்த ஞானம் கத்தியோடு நின்றிருந்தால் பரவாயில்லை, கைக்கும் வந்துவிட்டது. சலவைக்கூடத்தில் போர்வை அடுக்கும் அறை ஒன்று உண்டு. மதியச் சாப்பாடு முடிந்ததும் துப்புரவுப் பெண்கள், வரவேற்பில் உட்காரும் பெண்கள், சில சமயம் நர்சுகளே அங்கே வருவார்கள். டாக்டரிடம் போக வெட்கம், போனால் என்ன சொல்வாரோ என்று பயம். கத்தி அக்கா கதவைச் சாத்திக்கொண்டு தொட்டுப் பார்ப்பாள். "ஐயோ, ஐஸு!" என்று துள்ளுபவர்களை, "சும்மா நில்லுடி, என்னமோ உனக்கு மட்டும்தான் இருக்கற மாதிரி" என்று அதட்டுவாள். கேள்வி மூன்றுதான்: கல் மாதிரி இருக்கிறதா, தோலோடும் தசையோடும் ஒட்டியிருக்கிறதா, உருளுகிறதா. கல்லாக ஒட்டியிருந்தால் அப்போதே கையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு போவாள். அப்படிப் போய்ப் பிழைத்தவர்கள் இன்றும் அந்தக் கட்டடத்தில் நடமாடுகிறார்கள். உருண்டால், "கோலிக்குண்டு. விடு. போய்ச் சாப்பிடு."

முக்கால்வாசி நேரம் அவள் சொன்னது சரியாகவே இருந்தது. ஆபத்து அங்கேதான் தொடங்கியது. எப்போதும் தப்பாகச் சொல்பவளிடம் யாரும் கேட்கப்போவதில்லை.

கத்தி அக்காவுக்கு ஒரே ஒரு தங்கை. வீட்டில் சின்னவள். அக்கா சாய்ந்து நடந்தால் தங்கை நிமிர்ந்து நடப்பாள். குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாள். அகன்ற தோள், உரத்த குரல், கழுத்தில் விசில். முப்பதைத் தாண்டிச் சில வருஷம். ஒருநாள் உடை மாற்றும்போது இடது மார்பில் ஏதோ தட்டுப்பட்டது. நேரே அக்காவிடம் வந்தாள். அக்கா தொட்டாள். வழுவழுவென்று, உருண்டையாக, விரலுக்கு அடியில் நழுவி ஓடியது.

"உருளுது."

"அப்படின்னா?"

"அப்படின்னா ஒண்ணுமில்லை. நார்க்கட்டி. உன் வயசுல பாதிப் பேருக்கு இருக்கு."

ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள்: உருண்டை, ஓரம் சீராக இருக்கிறது, நல்ல கட்டி போலத்தான் தெரிகிறது, ஆறு மாதம் கழித்து வந்து காட்டவும். அக்காவின் விரலும் கருவியும் ஒத்துப்போனதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட. ஆனால் கட்டி ஆறு மாதம் காத்திருக்கவில்லை. கோலிக்குண்டாக இருந்தது எலுமிச்சம்பழமானது. நீச்சல் உடை ஒரு பக்கம் இழுக்கிறது என்று சின்னவள் சிணுங்கினாள். "தொந்தரவா இருந்தா எடுத்துப் போடு, வலிக்கவா போகுது" என்று அக்காவே சர்ஜனிடம் அழைத்துப் போனாள். கட்டி வெளியே வந்தது. ஜாடியைத் தானே கையில் வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். வேறு யாரிடமும் தரவில்லை.

தையல் ஆறிச் சின்னவள் மறுபடி குளத்தில் இறங்கிய வாரத்தில்தான், லேபில் குவிந்திருந்த வேலைக்கு நடுவே, அந்தத் துண்டு மெழுகேறி அக்காவின் மேசைக்கு வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினாள். கரகரப்பு வரும் என்று அவள் உள்ளூரப் பயந்திருக்க வேண்டும், ஏனென்றால் வராதபோது சத்தமாகச் சிரித்தாள். நாடா ஒரு சுருக்கம் இல்லாமல் நீண்டது. "பாருடி, பாரு. வெண்ணெய்! எவ்வளவு அழகா போகுது பாரு!" என்று சாயக்காரியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். கையைத் துடைக்காமலே போனை எடுத்தாள்.

"ஒண்ணுமில்லைடி. வெண்ணெய் மாதிரிப் போச்சு."

"நிஜமாவா? மேடம் பாத்துட்டாங்களா?"

"மேடம் சாயங்காலம் பாப்பாங்க. நான் வெட்டிட்டேன்ல? கத்தி பொய் சொல்லாது."

மறுமுனையில் ஒரு கூச்சல், தொபுக்கென்று தண்ணீரில் விழும் ஓசை, குழந்தைகளின் கும்மாளம். உடுப்போடு குளத்தில் குதித்துவிட்டாளாம். அன்று மாலை நீச்சல் வகுப்பில் எல்லோருக்கும் ஐஸ்கிரீம்.

நல்ல செய்தியை முந்திச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை யாரையும் விடாது. நோயாளியோடு வேலை செய்பவர்கள் முதலில் பழக வேண்டியது, அந்த ஆசையை விழுங்குவதற்குத்தான். கத்தி அக்கா அத்தனை வருஷம் மூச்சை விழுங்கிப் பழகியவள். நாக்கை விழுங்கப் பழகவில்லை.

அடுத்த நாள் பெரிய மேடம் மாடிக்கு வரச் சொன்னார். ஏடு ஏதும் கிழிந்துவிட்டதோ என்ற எண்ணத்தோடுதான் போனாள். மேடத்தின் மேசையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே கண்ணாடியைப் பார்க்கும் மைக்ரோஸ்கோப் இருக்கிறது. மேடம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "உக்காரு. பாரு" என்றார். ஆயிரக்கணக்கில் ஏடெடுத்தவள் என்றாலும், எடுத்ததை உட்கார்ந்து பார்த்தது குறைவு. குனிந்து கண்ணைப் பொருத்தினாள்.

"ஓரத்தைப் பாரு. நண்டுக் கால் மாதிரி உள்ளே நுழையுதா?"

"இல்லை மேடம். வழுவழுன்னு இருக்கு. சுவர் வச்ச மாதிரி."

"சுவர் இல்லை அது. தள்ளிக்கிட்டு வருது. கூட்டம் கூடிக் கதவைத் தள்ளுமே, அப்படி. இப்ப உள்ளே வா."

மேடம் கண்ணாடியை நகர்த்தினார். உள்ளே நார் என்று பெயருக்குக்கூட எதுவும் இல்லை. ஊதி உப்பிய செல்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எங்கே ஒன்று முடிந்து எங்கே அடுத்தது தொடங்குகிறது என்றே தெரியாமல் ஒரே பரப்பாகக் கிடந்தன. எங்கே பார்த்தாலும் ஒன்று இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தது. நடுவில் செத்துச் சாம்பலான திட்டு. விளிம்பில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் மொய்த்துக்கொண்டிருந்தன. உடம்பு அனுப்பிய காவல்காரர்கள். உள்ளே நுழைய முடியாமல் வெளியே கூடி நின்றார்கள்.

அவள் தலையை எடுக்கவில்லை. குனிந்தபடியே கேட்டாள்: "இது யாரோடது மேடம்?"

"உனக்குத் தெரியும்."

"இல்லை மேடம். நம்பர் மாறியிருக்கும். அவளோடது வெண்ணெய் மாதிரி வந்துச்சு. நான்தான் வெட்டினேன்."

"வெண்ணெய் மாதிரித்தான் வரும். கரகரப்பு நாராலே வர்றது. வழக்கமான கேன்சர் தன்னைச் சுத்தி நாரைக் கட்டிக்கிட்டு வேர் விடும், அதனால கல்லா இருக்கு. இதுக்கு நார் கட்ட நேரம் எங்கே இருக்கு? வெறும் செல்லு. பொங்கிக்கிட்டு வருது. மெத்துனுதான் இருக்கும், உருண்டையாத்தான் இருக்கும். கைக்கு உருளும். ஸ்கேன்ல நல்ல பிள்ளை மாதிரி நிக்கும். எல்லாரையும் ஏமாத்தற முகம் இது."

மேடம் பேசிக்கொண்டே போனார். கத்தி அக்காவுக்குக் காதில் ஏதோ அடைத்துக்கொண்டது. சலவைக்கூடத்து இயந்திரம் தூரத்தில் சுற்றும் ஓசை மட்டும் தெளிவாகக் கேட்டதாம். மேடம் அவள் முழங்கையைத் தட்டி, "இங்கே பாரு. சின்ன வயசு, இப்படி ஒரு முகம். இது வீட்டு வழியா வர்றதோன்னு எனக்குச் சந்தேகம். உங்க வீட்டுல வேற யாருக்காவது?" என்றார்.

"அம்மா பக்கம் ஒருத்தருக்கும் இல்லை மேடம். சித்திங்க எல்லாரும் கல்லு மாதிரி இருக்காங்க."

"அப்பா பக்கம்?"

"அப்பா ஆம்பளை மேடம்."

"ஆம்பளைக்கு அக்கா தங்கச்சி கிடையாதா?"

அவள் யோசித்தாள். "ஒரு அத்தை. வயித்துல தண்ணி கோத்துக்கிட்டு செத்தாங்க. ஓவரின்னு சொன்னாங்க. அது வயிறு மேடம், இது மாரு. அதுக்கும் இதுக்கும் என்ன?"

மேடம் நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ரெண்டுக்கும் காவலா ஒரே ஜீன் இருக்கு. அது பழுதானா மார்லயும் வரலாம், ஓவரியிலயும் வரலாம். ஒரே குடும்பத்துல ஒருத்திக்கு இது, ஒருத்திக்கு அது. அப்பா வழியா வந்தாலும் அதேதான். அவருக்கு ஒண்ணும் ஆகாமலே கூடப் பிள்ளைங்களுக்குக் கொடுத்திருப்பார்."

நல்ல செய்திக்குப் போன் போதும். இதற்கு ஆள் போகவேண்டும். மேலங்கியைக்கூடக் கழற்றாமல் கிளம்பிவிட்டாள்.

நீச்சல் குளத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஈரத் தரையில், கால் வழுக்க வழுக்க, வெள்ளை மேலங்கியோடு வரும் அக்காவைப் பார்த்துச் சின்னவள் தண்ணீருக்குள்ளிருந்தே கத்தினாள்: "என்னக்கா, வேலை நேரத்துல? லேப் முழுகிப் போச்சா?"

"மேலே வா."

"பசங்க தண்ணியில இருக்காங்க."

"எல்லாரையும் ஏத்திட்டு வா."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, சின்னவள் விசிலை ஊதிவிட்டாள். குழந்தைகளை ஒவ்வொன்றாகக் கரையேற்றி, தலை எண்ணி, சுவரோரம் உட்காரவைத்துவிட்டு வந்தாள்.

"நேத்து நான் சொன்னது தப்பு."

"எது?"

"வெண்ணெய்னு சொன்னேனே."

சின்னவள் சிரித்தாள். "இதைச் சொல்லவா இவ்வளவு தூரம்? நார்க்கட்டி இல்லைன்னா வேற ஏதோ ஒரு கட்டி. அதான் எடுத்தாச்சே."

"கேன்சர்டி."

தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. துடைக்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

"நீதானே தொட்டுப் பாத்தே."

"நான்தான்."

"நீதானே வெட்டினே."

"நான்தான் வெட்டினேன்."

"அப்ப நான் யாரைத்தான் நம்பறது?"

சுவரோரமிருந்து ஒரு குழந்தை, "மிஸ், குளிருது" என்றது. "துண்டைப் போத்திக்கோ!" என்று சின்னவள் வழக்கமான உரத்த குரலில் அதட்டினாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த அதிர்ச்சிகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு வந்தன. எந்த மருந்து பிடிக்கும் என்று அறிய மூன்று தனிச் சாயங்கள் ஏற்றிப் பார்ப்பது வழக்கம். பிடிமானம் இருந்தால் கண்ணாடியில் பழுப்பு நிறம் ஏறும். மூன்றிலும் ஏறவில்லை. "மூணும் நெகட்டிவ்னா நல்லதுதானே?" என்று சின்னவள் ஆசையாகக் கேட்டாள். நல்லதில்லை. சாவித் துவாரமே இல்லாத கதவு அது. வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரைகள் அதற்கு உதவாது, கடுமையான மருந்தைத்தான் ஏற்றவேண்டும். இந்த ஜீன் பழுதானவர்களுக்கு வரும் கட்டிகளில் பல இப்படித்தான் இருக்கும் என்று மேடம் சொன்னார்.

பிறகு ரத்தப் பரிசோதனை. சின்னவளின் ஜீனில் பழுது இருந்தது. யார் வழியாக வந்தது என்று பார்க்க அப்பாவையும் ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள்.

"நான் ஆம்பளை. எனக்கு எதுக்கு மார்புக் கேன்சர் டெஸ்ட்டு? வெளியே தெரிஞ்சா சிரிப்பானுங்க" என்று அவர் முறைத்தார்.

"உங்க அக்காவுக்கு ஓவரியில வந்துச்சுல்லப்பா. அதனாலதான்."

அவர் சட்டையின் மேல் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். "அவளுக்கு மட்டும் இல்லை" என்றார்.

"என்ன?"

"கடைசித் தங்கச்சி ஒருத்தி இருந்தா. உங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. மார்ல கட்டி. சின்ன வயசு. ஜுரத்துல போயிட்டான்னு சொல்லிட்டோம். வீட்டுல பொண்ணுங்க இருக்கு, வெளியே தெரிஞ்சா எவன் கட்டுவான்னு எங்கம்மா வாயைப் பொத்திட்டா. நானும் பொத்திக்கிட்டேன்."

கத்தி அக்கா அன்று அப்பாவிடம் கத்தியிருக்கலாம். அந்த ஒரு வரியை முன்பே சொல்லியிருந்தால், உருளுகிறது என்று கண்டவுடன் ஊசி போட்டு ஒரு துளி எடுத்துப் பார்த்திருப்பார்கள். ஆனால் முன்பே வாயைத் திறந்தவளுக்கு, கடைசிவரை மூடியவரைத் திட்ட என்ன தகுதி? சாப்பிட வாங்க என்று மட்டும் சொன்னாள்.

அப்பாவின் ரத்தத்திலும் அது இருந்தது. முடிவைக் கேட்டவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் கையை ஸ்டியரிங் பிடித்த மாதிரி முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அத்தனை வருஷம் வண்டி ஓட்டினேன். ஒரு நாயை அடிச்சதில்லைம்மா. வீட்டுக்குள்ளே இப்படி அடிச்சிருக்கேன்" என்றார். சின்னவள் பக்கத்தில்தான் இருந்தாள். முடி கொட்டத் தொடங்கியிருந்த நேரம். "அப்பா, நீங்க வெறும் டிரைவர். வண்டியில யார் ஏறினாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் கையை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி மடியில் வைத்தாள்.

கட்டி சின்னவளை அசைத்திருக்கிறது, சாய்க்கவில்லை. மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. ஏறி முடிந்ததும் இரண்டு மார்பையும் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறாள். யோசித்துச் சொல்லுங்கள் என்றார் சர்ஜன். "நீந்தறதுக்குத் தோளுதான் வேணும் டாக்டர். இது ரெண்டும் சும்மா கூடவே வந்ததுங்க" என்றாள். அக்காவோடு பேச்சு நின்றுபோகும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நிற்கவில்லை. மருந்து ஏறும் நாட்களில் அக்காவின் சில்லிட்ட கையை இழுத்து நெற்றியில் வைத்துக்கொள்கிறாள். "இதுக்குத்தான் லாயக்கு இந்தக் கை" என்று ஒரு குத்தும் விடுகிறாள். கத்தி அக்கா வாங்கிக்கொள்கிறாள்.

போர்வை அறையில் இப்போது வைத்தியம் நடப்பதில்லை. பெண்கள் வருவது மட்டும் நிற்கவில்லை. "அக்கா, உருளுதுக்கா, ஒண்ணுமில்லைதானே?" என்று யாராவது ரவிக்கையில் கை வைத்தால், அவள் தொடுவதே இல்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள். "ஒண்ணுமில்லாமத்தான் இருக்கும். முக்கால்வாசி அப்படித்தான். ஆனா என் வாயால சொல்ல மாட்டேன். வா, மேலே போலாம்." போகிற வழியிலேயே விசாரணையும் நடக்கும்: "அப்பாவோட கூடப் பிறந்தவங்க எத்தனை பேரு? யாரு எதுல செத்தாங்க? ஜுரம்னு சொல்லாதே. என்ன ஜுரம்?"

அவளுடைய ரத்தத்தையும் பார்த்தார்கள். அவளுக்கும் இருந்தது. மார்பை வருஷா வருஷம் படமெடுத்துக் கண்காணிக்க வழி உண்டு, சினைப்பைக்கு அப்படி நம்பத்தக்க வழி இல்லை, நாற்பதைத் தாண்டிய அவள் வயதுக்கு அதையும் அதை ஒட்டிய கருக்குழாய்களையும் எடுத்துவிடுவதே நல்லது என்று மேடம் எடுத்துச் சொன்னார். அத்தைக்கு வந்தது போன்ற புற்று பெரும்பாலும் சினைப்பையில் பிறப்பதில்லையாம். குழாயின் நுனியில் ஜாலர் போலத் தொங்கும் பகுதியில் ஒரு பொட்டாகத் தொடங்கி, அங்கிருந்து உதிர்ந்து பரவுமாம்.

கத்தி அக்கா கேட்டாள்: "தொட்டாத் தெரியுமா மேடம்?"

"தெரியாது."

"ஸ்கேன்ல?"

"பொட்டா இருக்கும்போது தெரியாது."

"கத்தியில?"

"கத்திக்கும் தெரியாது. கண்ணாடியில பாத்தாத்தான்."

"எடுத்துடுங்க" என்றாள். வீட்டுக்குப் போய் யோசிக்கவில்லை.

ஆபரேஷன் சிக்கலில்லாமல் முடிந்தது. எடுத்ததைப் பார்க்கக் கேட்டாள். இளஞ்சிவப்பாக, பளபளப்பாக, எந்தக் குறையும் இல்லாத உறுப்புகள். நர்ஸ் ஜாடியை உயர்த்திக் காட்டி, "சூப்பரா இருக்குக்கா" என்றாள். கத்தி அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மற்ற நேரங்களில் குழாயில் ஒரு வளையம் வெட்டிப் பார்த்தால் போதும். இவளைப் போன்றவர்களுக்கு அப்படி விட முடியாது. நுனி ஜாலரிலிருந்து மறுமுனைவரை, ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் வெட்டிப் பார்க்கவேண்டும். வீட்டாரின் துண்டை வீட்டார் வெட்டக்கூடாது என்று சின்னவள் விஷயத்துக்குப் பிறகு அவளே மேடத்திடம் கேட்டு வாங்கிய சட்டம் இருந்தது. அதனால் வேலை சாயக்காரிக்குப் போனது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் சின்னவள் வந்தாள். மொட்டைத் தலையில் ஒரு துணி, ஒரு தோளில் அக்காவின் பை. லிஃப்டில் கத்தி அக்கா அடித்தளத்துக்கான பொத்தானை அழுத்தினாள்.

"எங்கே போறே?"

"வீட்டுக்குத்தான்."

"அடித்தளம் வழியா எவன் வீட்டுக்குப் போவான்?"

லேப் கதவு திறந்திருந்தது. சாயக்காரி கத்தி அக்காவின் நாற்காலியில், கத்தி அக்காவைப் போலவே மூச்சைப் பிடித்துக்கொண்டு, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பனிக்கட்டித் தட்டில் மெழுகுத் துண்டுகள் வரிசையாகக் காத்திருந்தன. காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவள் பதறி எழுந்தாள். "ஐயோ அக்கா, இங்கே எதுக்கு வந்தே? தையல் பிரிஞ்சுக்கும். போய்ப் படு."

கத்தி அக்கா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். கேட்டது சின்னவள்தான். கத்தியில் தொங்கிக்கொண்டிருந்த நாடாவைப் பார்த்தாள். கேட்கக்கூடாது என்று தெரிந்தும் அவளால் முடியவில்லை.

"எப்படிப் போகுது?"

சாயக்காரியின் முகம் மலர்ந்தது. "அதான் சொல்ல வந்தேன், ரொம்ப நல்லா..."

ஒரு கையால் அடிவயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கத்தி அக்கா மேசையை எட்டினாள். இன்னொரு கையால் சாயக்காரியின் வாயை இறுகப் பொத்தினாள்.